கடவுச்சொல் கேட்கும் பெட்டி: மறதியா, மறுப்பா?

கேள்வி: வணக்கம். பல ஆண்டுகளாக விண்டோஸ் கணினியில் தண்டர்பேர்ட் மென்பொருள் வழியாகத்தான் மின்னஞ்சல் பார்த்து வருகிறேன். அதில் எனக்கு இரண்டு கணக்குகள். ஒன்று ஜிமெயில், மற்றொன்று நாங்கள் நடத்தும் சிறு அறக்கட்டளையின் சொந்த முகவரி. இரண்டு மாதங்களாக அந்த மென்பொருள் என் கடவுச்சொற்களை நினைவில் வைத்துக்கொள்வதே இல்லை. 'நினைவில் வைத்துக்கொள்' என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் டிக் செய்கிறேன். ஆனாலும் அறக்கட்டளைக் கணக்குக்கு ஒவ்வொரு நாள் காலையிலும் கடவுச்சொல் கேட்கிறது. பகலில் மூடித் திறந்தால் கேட்பதில்லை. ஜிமெயிலுக்கோ சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கிறது. சந்தேகத்திற்குரிய ஓர் அஞ்சல் வந்ததால் ஜிமெயில் கடவுச்சொல்லை மாற்றினேன். சரியாகாததால் மறுபடியும் மாற்றினேன். கணினி வேகமாக இயங்க ஒரு துப்புரவு மென்பொருளும் போட்டிருக்கிறேன். தண்டர்பேர்டை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவியும் பயனில்லை. இப்போது கடவுச்சொற்களை ஒரு சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். என் தம்பியின் கணினியில் அவுட்லுக்கும் இதே போலத்தான் கேட்கிறது. அவன் விண்டோஸ் கடவுச்சொல்லை மறந்துவிட்டு, பழுது பார்க்க வந்தவர் அதை மாற்றிக் கொடுத்த நாளிலிருந்து இந்தத் தொல்லை. வயதாகிவிட்டதால் நான்தான் ஏதோ தவறு செய்கிறேனோ என்று தோன்றுகிறது. என்ன செய்யலாம்? கடவுச்சொல்லைக் கணினியில் சேமிப்பதே ஆபத்தானதா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வயதுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதே குழப்பத்தோடு இளம் பொறியாளர்களும் என்னிடம் வருகிறார்கள். அதோடு, 'பகலில் மூடித் திறந்தால் கேட்பதில்லை' என்று நீங்கள் கவனித்து எழுதியிருக்கும் அந்த ஒரு வரி, பாதிச் சிக்கலை இங்கிருந்தே அவிழ்த்துவிடுகிறது. இவ்வளவு கூர்ந்து பார்த்து எழுதுபவர்கள் குறைவு.

உங்கள் கணினியில் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. இரண்டும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் தொடங்கி, ஒரே மாதிரியான பெட்டியைத் திரையில் காட்டுவதால் ஒன்றாகத் தெரிகின்றன. மின்னஞ்சல் மென்பொருள் கடவுச்சொல் கேட்பதற்கு அடிப்படையில் இரண்டே காரணங்கள்தாம் உண்டு. சேமித்து வைத்த கடவுச்சொல் கணினியில் இல்லாமல் போயிருக்கலாம், அது மறதி. கடவுச்சொல் பத்திரமாக இருந்து, மென்பொருள் அதை ஒழுங்காக அனுப்பியும், மறுமுனையில் உள்ள அஞ்சல் சர்வர் அதை ஏற்காமல் திருப்பி அனுப்பியிருக்கலாம், அது மறுப்பு. மறதிக்கான மருந்தை மறுப்புக்குக் கொடுத்தால் எத்தனை முறை கொடுத்தாலும் பலிக்காது. உங்கள் அறக்கட்டளைக் கணக்கில் நடப்பது மறதி, ஜிமெயிலில் நடப்பது மறுப்பு என்பது என் கணிப்பு.

இதை நீங்களே உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறது. அடுத்த முறை பெட்டி தோன்றும்போது உடனே கடவுச்சொல்லைத் தட்டிவிடாமல், அதில் எழுதியிருப்பதை முழுவதும் படியுங்கள். சேமித்த கடவுச்சொல் இல்லாத நிலையில் தண்டர்பேர்ட் காட்டும் பெட்டி, இன்ன சர்வரில் இன்ன பயனருக்கான கடவுச்சொல்லைத் தருக என்று மட்டும் கேட்கும். அதன் அடியில்தான் நீங்கள் சொல்லும் டிக் கட்டம் இருக்கும். சர்வர் மறுத்த நிலையில் முதலில் வருவது வேறொரு பெட்டி. உள்நுழைவு தோல்வியடைந்தது என்ற செய்தியோடு அதில் 'ரீட்ரை', 'என்டர் நியூ பாஸ்வேர்ட்', 'கேன்சல்' என்று மூன்று பொத்தான்கள் இருக்கும். பெரும்பாலோர் அவசரத்தில் புதிய கடவுச்சொல் இடுவதற்கான பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். அதை அழுத்தியதுமே மென்பொருள் தான் சேமித்து வைத்திருந்ததைக் கைவிட்டு, முதலில் சொன்ன சாதாரணப் பெட்டியைக் காட்டுகிறது. பிறகு நினைவில் நிற்பது அந்த இரண்டாவது பெட்டி மட்டுமே. மறுப்புச் செய்தி வந்ததே மறந்துபோகிறது. இணைய இணைப்பு ஒரு நொடி தடுமாறினாலும், சர்வர் வேலைப்பளுவில் இருந்தாலும் இந்த மறுப்புப் பெட்டி வரக்கூடும் என்பதால், அந்த மூன்று பொத்தான்களைப் பார்த்தால் முதலில் 'ரீட்ரை' என்பதையே அழுத்துங்கள். சரியாக இருந்த கடவுச்சொல்லை வீணாக இழக்காமல் இருப்பதற்கு இதுவே நல்ல பழக்கம்.

இனி அறக்கட்டளைக் கணக்கைப் பார்ப்போம்.

தண்டர்பேர்ட் தன் கடவுச்சொற்களை விண்டோஸிடம் ஒப்படைப்பதில்லை. தனக்கென்று வைத்திருக்கும் 'புரொஃபைல்' கோப்புறையில் இரண்டு கோப்புகளில் அவற்றைப் பாதுகாக்கிறது. 'லாகின்ஸ்.ஜேசான்' என்ற கோப்பில் பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் குறியாக்கம் செய்யப்பட்டுக் கிடக்கின்றன. 'கீ4.டிபி' என்ற கோப்பில் அந்தக் குறியாக்கத்தைத் திறக்கும் சாவி இருக்கிறது. ஒன்று பூட்டிய பெட்டி, மற்றொன்று அதற்குரிய சாவி. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியவையாக இருந்தால்தான் பயன். ஒன்று அழிந்தாலும், பழைய காப்பிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துப் போட்டாலும், மற்றது உதவாது. நீங்கள் மென்பொருளை நீக்கிப் புதிதாக நிறுவியது பலன் தராததற்கும் இதுவே காரணம். நிறுவல் நீக்கம் மென்பொருளை மட்டும்தான் எடுக்கிறது. புரொஃபைல் கோப்புறையை அது தொடுவதில்லை. தொடாமல் இருப்பது நல்லதுதான், இல்லையென்றால் உங்கள் அஞ்சல்களும் போயிருக்கும்.

பகலில் மூடித் திறந்தால் கேட்பதில்லை என்பதன் பொருள், கடவுச்சொல் கணினியின் வட்டில் (டிஸ்க்) ஒழுங்காக எழுதப்படுகிறது, ஒழுங்காகப் படிக்கவும்படுகிறது என்பது. டிக் கட்டத்திலோ கோப்புகளிலோ குறை இருந்திருந்தால் பத்து நிமிடம் கழித்துத் திறந்தாலும் கேட்டிருக்கும். ஆகவே, மாலைக்கும் காலைக்கும் இடையில் ஏதோ ஒன்று அதை அழிக்கிறது. உங்கள் கடிதத்தில் அதற்குத் தகுந்த ஒரே ஒரு பேர்வழிதான் இருக்கிறது: கணினி வேகமாக வேண்டும் என்று நீங்கள் போட்ட துப்புரவு மென்பொருள். இத்தகைய மென்பொருள்கள் பலவும் கணினி தொடங்கும்போது தாமாகவே இயங்கும்படி அமைக்கப்படுகின்றன. எவற்றையெல்லாம் துடைக்கலாம் என்ற அவற்றின் நீண்ட பட்டியலில், தற்காலிகக் கோப்புகளுக்கும் குக்கீகளுக்கும் (இணையதளங்கள் கணினியில் விட்டுச்செல்லும் சிறு குறிப்புகள்) நடுவே 'சேமித்த கடவுச்சொற்கள்' என்ற வரியும் இருக்கலாம். அதில் டிக் விழுந்திருந்தால், நீங்கள் மாலையில் சேமித்ததை அது மறுநாள் காலையில் நீங்கள் நாற்காலியில் அமர்வதற்கு முன்பே துடைத்துவிடும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. இன்று மாலை கணினியை நிறுத்துவதற்கு முன் தண்டர்பேர்டில் 'செட்டிங்ஸ்' சென்று, 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'சேவ்ட் பாஸ்வேர்ட்ஸ்' என்ற பொத்தானை அழுத்துங்கள். ஒரு பட்டியல் திறக்கும். அறக்கட்டளைக் கணக்குக்கு அதில் இரண்டு வரிகள் இருக்க வேண்டும்: அஞ்சல் பெறுவதற்கு 'ஐமேப்' என்று தொடங்கும் ஒன்று, அஞ்சல் அனுப்புவதற்கு 'எஸ்எம்டிபி' என்று தொடங்கும் மற்றொன்று. வருகிற வழிக்கும் போகிற வழிக்கும் தனித்தனியாகக் கடவுச்சொல் சேமிக்கப்படுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. அதனால் அஞ்சல் வரும்போது கேட்காமல் அனுப்பும்போது மட்டும் கேட்கிறது என்று திகைக்கிறார்கள். இரண்டும் இருப்பதைப் பார்த்துக்கொண்டு கணினியை நிறுத்துங்கள். காலையில் கணினியைத் தொடங்கி, தண்டர்பேர்ட் கடவுச்சொல் கேட்டால் 'கேன்சல்' செய்துவிட்டு அதே பட்டியலைத் திறங்கள். வரிகள் காணாமல் போயிருந்தால் சந்தேகம் உறுதி.

அப்படியானால் துப்புரவு மென்பொருளின் அமைப்பில் தண்டர்பேர்ட் தொடர்பான எல்லா டிக்குகளையும் எடுத்துவிடுங்கள். தொடக்கத்தில் தானாக இயங்குவதையும் நிறுத்துங்கள். என் கருத்தைக் கேட்டால், அதை முழுவதுமாக நீக்கிவிடுவதே நல்லது. தேவையற்ற கோப்புகளை அகற்றும் வசதி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. தான் எதை அழிக்கிறது என்பது உரிமையாளருக்குத் தெரியாமல் தினமும் அழித்துக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருளை அறக்கட்டளை ஆவணங்கள் இருக்கும் கணினியில் வைத்திருக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வரிகள் காலையிலும் பட்டியலில் அப்படியே இருந்து, ஆனாலும் கடவுச்சொல் கேட்டால், பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள். சேமித்த ஒவ்வொரு வரியும் சர்வரின் பெயர், பயனர் பெயர் இரண்டோடும் கட்டப்பட்டிருக்கிறது. 'மெயில்' என்று தொடங்கும் சர்வர் முகவரியின் பெயரில் சேமித்திருந்து, பிற்பாடு கணக்கின் அமைப்பில் அது 'ஐமேப்' என்று தொடங்கும் முகவரியாக மாறியிருந்தால், மனிதக் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் மென்பொருளுக்கு அது வேறு வீடு. பயனர் பெயரில் முழு முகவரி இருக்கிறதா, முன்பகுதி மட்டும் இருக்கிறதா என்பதும் அப்படியே. பட்டியலில் உள்ள பெயரையும் 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' பகுதியில் உள்ள பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, பொருந்தாத பழைய வரிகளைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

கோப்புகளே பழுதடைந்திருக்கக்கூடிய நிலையும் உண்டு. வட்டு நிறைந்திருந்தபோதோ, மின்சாரம் திடீரென்று நின்றபோதோ எழுதப்பட்ட கோப்பு குறைபட்டுப் போகலாம். கோப்புறையில் 'லாகின்ஸ்.ஜேசான்.கரப்ட்' என்ற பெயரில் ஒன்று தென்பட்டால், தன்னால் படிக்க முடியாத கோப்பை மென்பொருள் ஒதுக்கி வைத்திருக்கிறது என்று பொருள். உங்களுக்கு இது தேவைப்படாது என்றே நினைக்கிறேன். இருந்தாலும் இதே சிக்கலோடு இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் செய்முறையைச் சொல்கிறேன். 'ஹெல்ப்' பட்டியலில் 'டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்தைத் திறந்தால், அங்கே புரொஃபைல் கோப்புறையைத் திறக்கும் பொத்தான் இருக்கும். கோப்புறை திறந்ததும் தண்டர்பேர்டை முழுவதுமாக மூடிவிட வேண்டும். பிறகு மேற்சொன்ன இரண்டு கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் 'பழையது' என்று சேர்த்துப் பெயர் மாற்றுங்கள். அழிக்க வேண்டாம், பெயர் மாற்றினால் போதும். மறுபடி தொடங்கும்போது மென்பொருள் புதிய கோப்புகளை உருவாக்கிக்கொள்ளும். கடவுச்சொற்களை ஒருமுறை இட்டு, டிக் செய்து, மூடித் திறந்து பார்க்கலாம்.

இதைச் செய்வதற்கு முன் உங்கள் எல்லாக் கணக்குகளின் கடவுச்சொற்களும் உங்களுக்குத் தெரியுமா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவரின் கணினியில் அவசரப்பட்டு அந்தக் கோப்புகளை அழித்துவிட்டேன். அவருக்கு ஐந்து கணக்குகள். ஒன்றின் கடவுச்சொல்லும் அவருக்கு நினைவில் இல்லை. பல ஆண்டுகளாக மென்பொருள்தான் அவருக்காக நினைவில் வைத்திருந்தது. ஒவ்வொன்றாக மீட்டுக் கொடுக்க இரண்டு நாள்கள் ஆயின. அந்த இரண்டு நாள்களும் அவருடைய வேலை நின்றுபோனது இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. 'சேவ்ட் பாஸ்வேர்ட்ஸ்' பட்டியலிலேயே கடவுச்சொற்களைக் காட்டும் பொத்தான் இருக்கிறது. கை வைப்பதற்கு முன் அதை அழுத்திக் குறித்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்.

ஜிமெயிலின் கதை வேறு. அங்கே உங்கள் கணினி எதையும் மறக்கவில்லை.

ஒரு காலத்தில் எந்த அஞ்சல் மென்பொருளும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சர்வருக்கு அனுப்பினால் கதவு திறந்துவிடும். கடவுச்சொல் திருடப்பட்டால் திருடனுக்கும் அதே கதவு திறக்கும் என்பதால் பெரிய நிறுவனங்கள் இந்த முறையை மெல்ல மெல்ல மூடிவிட்டன. கூகுள், தனிநபர் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லை மட்டும் கொண்டு நுழையும் மென்பொருள்களை 2022 மே 30 முதல் அனுமதிப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக்.காம், ஹாட்மெயில் முகவரிகளுக்கு 2024 செப்டம்பர் 16 முதல் இதையே செய்தது. இப்போது உள்ள முறைக்கு 'ஓஆத்2' என்று பெயர். அதில் உங்கள் கடவுச்சொல் அஞ்சல் மென்பொருளிடம் சேமிக்கப்படுவதே இல்லை. கூகுளின் சொந்த உள்நுழைவுப் பக்கம் ஒரு சிறு சாளரத்தில் திறக்கும். அங்கே நீங்கள் உங்களை நிரூபித்த பிறகு, இந்த மென்பொருள் இந்த அஞ்சல் பெட்டியைத் திறக்கலாம் என்று ஓர் அனுமதிச் சீட்டு வழங்கப்படும். அந்தச் சீட்டைத்தான் தண்டர்பேர்ட் சேமிக்கிறது. பட்டியலில் அது 'ஓஆத்' என்று தொடங்கும் வரியாகத் தெரியும்.

அப்படியானால் 2022-க்குப் பிறகும் இரண்டு மாதங்களுக்கு முன்புவரை உங்கள் ஜிமெயில் எப்படி வேலை செய்தது என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டில் யாரோ, அல்லது கணினியை அமைத்துத் தந்தவர், 'ஆப் பாஸ்வேர்ட்' என்று ஒன்றை உருவாக்கித் தந்திருக்க வேண்டும். இரண்டு படிச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு, தொலைபேசிக்கு வரும் குறியீடு போன்ற இரண்டாவது அடையாளத்தையும் கேட்கும் முறை) இயங்கும் கூகுள் கணக்குகளில், ஒரு குறிப்பிட்ட மென்பொருளுக்கென்று 16 எழுத்துகள் கொண்ட தனிக் கடவுச்சொல்லைப் பெற்றுக்கொள்ளலாம். நான்கு நான்கு எழுத்துகளாகப் பிரித்து அதைத் திரையில் காட்டுவார்கள். அதன் இயல்பு ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: கூகுள் கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றிய உடனே, அதற்கு முன் உருவாக்கிய ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் செல்லாதவை ஆகிவிடும். சந்தேக அஞ்சல் வந்ததும் நீங்கள் கடவுச்சொல்லை மாற்றியது சரியான, பொறுப்பான செயல். ஆனால் அந்த நொடியில் தண்டர்பேர்டிடம் இருந்த 16 எழுத்துச் சொல் காலாவதியாகிவிட்டது. அதன் பிறகு நீங்கள் பெட்டியில் இடுவது புதிய முதன்மைக் கடவுச்சொல். அதைத்தான் கூகுள் இந்த வழியில் ஏற்பதில்லையே. ஆகவே மறுக்கிறது, மென்பொருள் மறுபடி கேட்கிறது, நீங்கள் மறுபடி இடுகிறீர்கள். இரண்டாவது முறை கடவுச்சொல்லை மாற்றியதால் நிலைமை மாறவும் வழியில்லை.

தீர்வு இதுதான். தண்டர்பேர்டில் 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' திறந்து, ஜிமெயில் கணக்கின் கீழ் 'சர்வர் செட்டிங்ஸ்' என்பதில் 'ஆத்தென்டிகேஷன் மெத்தட்' என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே 'நார்மல் பாஸ்வேர்ட்' என்று இருக்கும். அதை 'ஓஆத்2' என்று மாற்றுங்கள். அதே பக்கத்தின் இடப்புறப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் அடியில் 'அவுட்கோயிங் சர்வர்' என்று ஒன்று உண்டு. அதில் ஜிமெயிலுக்கான வரியைத் தேர்ந்து அங்கேயும் இதே மாற்றத்தைச் செய்ய வேண்டும். இந்த இரண்டாவது இடத்தை மறந்துவிட்டு, அஞ்சல் வருகிறது, அனுப்ப முடியவில்லை என்று எழுதுகிறவர்கள் மிகுதி. பிறகு 'சேவ்ட் பாஸ்வேர்ட்ஸ்' பட்டியலில் கூகுள் தொடர்பான பழைய வரிகளை நீக்கிவிட்டு, மென்பொருளை மூடித் திறங்கள். கூகுளின் உள்நுழைவுச் சாளரம் தோன்றும். அங்கே இடவேண்டியது உங்கள் இப்போதைய முதன்மைக் கடவுச்சொல். அனுமதி கேட்கும் பக்கத்தில் ஒப்புதல் தந்ததும் அஞ்சல்கள் வரத் தொடங்கிவிடும்.

அந்தச் சாளரம் வெறுமையாக நின்றாலோ, உள்நுழைந்த பிறகும் சுற்றிச் சுற்றி முதல் பக்கத்துக்கே வந்தாலோ, குக்கீகள் தடுக்கப்பட்டிருக்கின்றன என்று கொள்ளலாம். 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில், தளங்களிலிருந்து குக்கீகளை ஏற்பதற்கான கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். அஞ்சல் படிக்கும் மென்பொருளுக்குக் குக்கீ எதற்கு என்று எண்ணி முன்பு யாரேனும் அதை எடுத்திருக்கக்கூடும். ஓஆத்2 முறையில் அது இல்லாமல் நடக்காது. துப்புரவு மென்பொருளை முதலில் அடக்கிவிட்டுத்தான் இந்த வேலைக்கு வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஏனெனில் அனுமதிச் சீட்டும் அதே கடவுச்சொல் கோப்பில்தான் இருக்கிறது, அதையும் அது துடைத்துவிடும்.

இனிமேல் எப்போதாவது நீங்கள் கூகுள் கடவுச்சொல்லை மாற்றினால், இந்த அனுமதிச் சீட்டும் செல்லாததாகி, உள்நுழைவுச் சாளரம் ஒருமுறை மறுபடி தோன்றும். அது கோளாறு அல்ல, எதிர்பார்க்க வேண்டியது.

தம்பியின் அவுட்லுக் சிக்கல் மேலே சொன்ன எதிலும் சேராது. அவுட்லுக் தன் இரகசியங்களை விண்டோஸிடம் ஒப்படைத்துவிடுகிறது. விண்டோஸ் அவற்றைப் பூட்டும் சாவியை, உள்நுழையும் கடவுச்சொல்லிலிருந்து பெறப்படும் மற்றொரு சாவியால் பூட்டி வைக்கிறது. பழைய கடவுச்சொல்லைச் சொல்லி அவரே புதியதுக்கு மாற்றியிருந்தால், விண்டோஸ் பழையதைக் கொண்டு திறந்து புதியதைக் கொண்டு மீண்டும் பூட்டியிருக்கும். அவருக்கு எந்த வேறுபாடும் தெரிந்திருக்காது. ஆனால் பழையது மறந்துபோனதால், பழுது பார்க்க வந்தவர் நிர்வாகிக் கணக்கிலிருந்து புதியதை நேரடியாகத் திணித்திருக்கிறார். பழைய கடவுச்சொல் தெரியாமல் விண்டோஸால் அந்தப் பூட்டைத் திறக்க முடியவில்லை. இது குறைபாடு என்று தோன்றலாம். எனக்கு இது மிக நல்ல ஏற்பாடாகவே படுகிறது: கணினியைக் கைப்பற்றிய யாரோ ஒருவர் விண்டோஸ் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு உள்ளே நுழைந்தாலும், சேமித்த கடவுச்சொற்கள் அவருக்குக் கிடைக்காமல் இருப்பது இதனால்தான்.

தம்பிக்குப் பழைய விண்டோஸ் கடவுச்சொல் இதற்குள் நினைவுக்கு வந்திருந்தால், அதையே மறுபடி வைத்துக்கொண்டால் பழைய பெட்டகம் திறக்கக்கூடும். வராவிட்டால், 'கண்ட்ரோல் பேனல்' சென்று 'கிரெடென்ஷியல் மேனேஜர்' திறந்து, 'விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்' பகுதியில் அவுட்லுக், ஆஃபீஸ், அவருடைய அஞ்சல் முகவரி ஆகியவை தொடர்பான வரிகளை மட்டும் நீக்கச் சொல்லுங்கள். கணினியை மறுதொடக்கம் செய்து அவுட்லுக்கைத் திறந்து கடவுச்சொல்லை ஒருமுறை இட்டுச் சேமித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதன் பிறகும் சேமிக்க மறுத்தால், அவருடைய விண்டோஸ் பயனர் கணக்கின் சாவிகளே குலைந்திருக்கின்றன என்று பொருள். அவற்றோடு போராடுவதைவிடப் புதிய விண்டோஸ் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, கோப்புகளை அங்கே மாற்றிக்கொள்வது விரைவான வழி. அலுவலக வலையமைப்பில் இணைந்த கணினி என்றால் அவர் எதையும் தொட வேண்டாம்; அங்கே சாவிகளுக்கான மாற்று ஏற்பாடு நிர்வாகியின் சர்வரில் இருக்கும், நிர்வாகியிடமே சொல்ல வேண்டும்.

கடைசியாக, சேமிப்பது ஆபத்தா என்ற கேள்வி. திரையின் ஓரத்தில் ஒட்டிய சீட்டை முதலில் எடுத்துவிடுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். அறையில் நுழையும் எவரும் அதைப் படிக்கலாம். அதைவிடக் கணினியில் சேமிப்பது பன்மடங்கு பாதுகாப்பானது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. முன்பு சொன்ன பூட்டிய பெட்டியும் சாவியும் ஒரே கோப்புறையில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. உங்கள் கணினியில் அமர்ந்து அந்த இரண்டு கோப்புகளையும் நகலெடுத்துச் செல்பவர், வேறொரு கணினியில் அவற்றைத் திறந்து கடவுச்சொற்களைப் படித்துவிட முடியும். அதைத் தடுக்கத்தான் தண்டர்பேர்டில் 'பிரைமரி பாஸ்வேர்ட்' என்ற வசதி இருக்கிறது. அதை வைத்துவிட்டால் சாவிக்கும் ஒரு பூட்டு விழுகிறது. மென்பொருளைத் திறக்கும்போது அதை ஒருமுறை மட்டும் இட்டால் போதும், மற்ற எல்லாவற்றையும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும். அறக்கட்டளையின் அஞ்சல்கள் இருப்பதால் நீங்கள் அதை வைத்துக்கொள்வதையே பரிந்துரைக்கிறேன்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். பிரைமரி பாஸ்வேர்டை மறந்தால் மீட்க வழியில்லை. அதை அழித்துவிட்டுத் தொடங்கலாம், ஆனால் சேமித்த எல்லாமும் அதோடு போய்விடும். அடுத்து, அதை வைத்த பிறகு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு பெட்டி வரத்தான் செய்யும். பழைய தொல்லை திரும்பிவிட்டது என்று எண்ணி அதில் ஜிமெயில் கடவுச்சொல்லை இட்டுவிடாதீர்கள். சென்ற ஆண்டு ஒரு வாசகர் இதே குழப்பத்தில் ஒரு வாரம் தவித்தார்; பெட்டியின் தலைப்பைப் படித்ததும் தீர்ந்துவிட்டது.

துப்புரவு மென்பொருளை நிறுத்துவது, பிறகு ஜிமெயிலை ஓஆத்2 முறைக்கு மாற்றுவது, இரண்டு நாள்கள் காலையில் கவனிப்பது, அதன் பிறகு பிரைமரி பாஸ்வேர்ட் வைப்பது என்ற வரிசையில் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போகும். இவ்வளவுக்குப் பிறகும் கேட்டால், பெட்டியில் உள்ள வாசகத்தை ஒரு சொல்கூட விடாமல் எழுதி, எந்தக் கணக்குக்கு, எந்த நேரத்தில் கேட்டது என்பதையும் குறித்து அனுப்புங்கள். கடவுச்சொல்லை மட்டும் எனக்கு எழுத வேண்டாம்.